சக்கரம் தெரியாத மைதானம்

கால்பந்தைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எட்டாவது வரை படித்தவள் நான். பந்தைக் காலால் தொட்டதுகூட இல்லை. ஆஃப்சைடு என்றால் என்ன என்று என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டில் அவரைக்காயை நகர்த்தி நகர்த்திப் பல தடவை விளக்கியிருக்கிறார். தலையை ஆட்டியிருக்கிறேன். இன்றுவரை புரியவில்லை.

ஆனால் இந்த வாரம் நான் சொல்ல வந்தது ஆட்டத்தைப் பற்றி அல்ல. ஆட்டம் பார்க்க வராமல் போனவர்களைப் பற்றி. அவர்களில் நானும் ஒருத்தி என்பதால் அது மட்டும் கொஞ்சம் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கோலார் தங்கவயலில், பாலகாட் சுரங்கத்துப் பக்கம் எங்கள் லைன் வீடுகளில் அடுப்பு மூட்டும் நேரம். லைன் என்றால் சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள். என் வீட்டுக்காரர் கதவு கதவாகப் போய் நின்றுகொண்டிருக்கிறார். இரண்டு பூட்ஸையும் கயிற்றால் முடிந்து கழுத்தில் போட்டிருக்கிறார். மறுநாள் ஃபைனல்.

அவர் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. லைனில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ‘லெஃப்ட் அவுட்’ என்றால்தான் தெரியும். இடது கோட்டை ஒட்டி ஓடுகிறவர்.

பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நாளைக்கு ஃபைனலு. வந்துடுங்க. கமிட்டில லாரி உடறாங்க.”

“வரணும்னுதான் இருக்குது தம்பி. முட்டிதான் மடங்க மாட்டேங்குது.”

“லாரில உக்கார்றதுக்கு முட்டி எதுக்குக்கா?”

“ஏறணுமே. நீ தூக்கி உடுவியா? உங்க டீமு மொத்தமும் வந்தாலும் ஆவாது.”

அடுத்த வீட்டில் மாவு அரைக்கணும் என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் வேலூரிலிருந்து சம்பந்தி வருவதாகச் சொன்னார்கள். அதற்கடுத்த வீட்டிலும் சம்பந்திதான்.

“இன்னாடா இது, லைன் பூரா ஒரே நாள்ல சம்பந்தி வர்றான்” என்று சொல்லிக்கொண்டே அவர் திரும்பி வந்தார். வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கீழே வைத்தார். அப்புறம் குரல் மாறிவிட்டது.

“கமிட்டி செகரட்டரி சொன்னது கரெக்ட்டுதான் மே. நம்ம ஜனங்களுக்கு ஆசை போயிடுச்சு. எம் மேலயும் போயிடுச்சு.”

அந்த வருஷத்தோடு ஆட்டத்தை நிறுத்திவிடுவதாக அவர் முடிவு செய்திருந்தார். முழங்காலில் தண்ணீர் கோத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. கடைசி ஃபைனலில் கோலுக்குப் பின்னால் தன் லைன் ஆட்கள் நின்று கத்த வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். அது கிடைக்காது என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று. ஏன் கிடைக்காது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். சொல்லத்தான் முடியாது.

வெயிலில் உட்காருகிறவர்கள்

பழைய மைதானம் எங்கள் லைனை ஒட்டியே இருந்தது. சுரங்கத்தை நடத்திய வெள்ளைக்காரக் கம்பெனி போய் சர்க்கார் வந்த பிறகும் சில வருஷங்கள் இருந்தது. புல் கிடையாது. செம்மண், நடுவே பொடிக் கல். விழுந்தவன் முழங்கையோடு எழுந்தால் அதிர்ஷ்டம்.

அந்த மைதானத்தில் ஒரு விசித்திரம் உண்டு. நீளவாக்கில் ஒரு பக்கம் முழுக்கப் புங்கமரம். நல்ல நிழல். ஆட்டமும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். ஆனால் அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். கூட்டம் முழுவதும் தண்ணீர்க் குழாய்ப் பக்கத்துக் கோலுக்குப் பின்னால், மேற்கு வெயில் கண்ணில் அடிக்க, நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சேலைத் தலைப்பை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு பார்ப்போம்.

ஒரு தடவை கோலாரிலிருந்து வந்த ரெஃப்ரி கேட்டார்: “ஏனம்மா, அல்லி நெரளு இதெயல்ல. அங்க நிழல் இருக்குதே, ஏன் இப்படி வெயில்ல?” முனியம்மா அக்கா, “வெயிலு உடம்புக்கு நல்லதுங்க” என்றார்.

காரணம் இதுதான். குழாய்ப் பக்கம் உட்கார்ந்தால் எதிர்க் கோலுக்கு மேலே எங்கள் ஷாஃப்டின், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் குழியின், இரும்புக் கோபுரம் தெரியும். கோபுரத்தின் உச்சியில் பெரிய சக்கரம். அதன்மேல் ஓடும் இரும்புக் கயிறுதான் கேஜ் என்கிற கூண்டைக் கீழே இறக்கும், மேலே ஏற்றும். ஆளும் அதில்தான் போக வேண்டும், கல்லும் அதில்தான் வர வேண்டும். புங்கமர நிழலில் உட்கார்ந்தால் இலை மறைத்துவிடும்.

தங்கவயலில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பூமிக்கு அடியில் பாறை திடீரென்று தானாகவே வெடிக்கும். மேலே எங்கள் வீட்டில் தகரத் தட்டி அதிரும், பரண்மேல் டம்ளர் உருண்டு விழும். அப்படி அதிர்ந்தால் யாரும் அலற மாட்டார்கள். வெளியே வந்து சக்கரத்தைப் பார்ப்பார்கள். சக்கரம் சிறிது நேரம் நிற்கும், பிறகு திரும்பச் சுற்றும். சுற்றினால் உள்ளே போய் விட்ட வேலையைப் பார்ப்பார்கள். நின்றே இருந்தால் செருப்புகூடப் போடாமல் ஷாஃப்டுக்கு ஓடுவார்கள்.

என் அம்மா குழாயடியில் வேறு பெண்ணைப் பார்த்தால் “சக்கரம் சுத்துதா?” என்றுதான் கேட்பார். சாப்பிட்டாயா, சௌக்கியமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எதற்காகப் பார்க்கிறோம் என்று மட்டும் வாயால் சொல்வது கிடையாது. சொன்னால் ஆபத்தை அழைத்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம். வீட்டில் ஒருவன் கீழே இருக்கும்போது அந்தப் பேச்சே கூடாது. முட்டி வலி என்று சொல்லலாம். சம்பந்தி என்று சொல்லலாம்.

ஆண்களுக்கு இது தெரியாது என்பது ஆச்சரியமாகத்தான் இருக்கும். கொஞ்சம் யோசித்தால் ஆச்சரியம் இல்லை. சக்கரத்தை நாங்கள் பார்க்கும் நேரத்தில் அவர்கள் கீழே இருப்பார்கள். மேலே இருக்கும் நேரத்தில் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள், பந்து விளையாடுவார்கள். தாங்கள் கீழே இருக்கும்போது தங்கள் வீட்டு வாசலில் என்ன நடக்கிறது என்று ஒருவனும் பார்த்ததில்லை.

கல் படி, நிழல், மைக்

பழைய மைதானத்தில் சுரங்கத்துக் கழிவுக் கல் கொட்டப் போவதாக ஒரு நாள் சொன்னார்கள். கொட்டவும் ஆரம்பித்தார்கள். விளையாட்டுக் கமிட்டி ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் ஒரு புது மைதானம் போட்டது.

குறை சொல்ல முடியாத மைதானம். மூன்று பக்கம் கல் படி. மேலே ஓட்டுக் கொட்டகை. சோடாக்கடை. யார் கோல் போட்டது என்று சொல்ல மைக். நடந்தால் அரை மணி நேரம் ஆகும். அவ்வளவுதான் தூரம்.

அதற்கும் எங்கள் லைனுக்கும் நடுவில் சயனைடு மேடு இருந்தது. தங்கம் எடுத்த பிறகு மிஞ்சும் மாவு மாதிரியான மண்ணை வருஷக்கணக்காகக் கொட்டிக் கொட்டி வளர்ந்த குன்று. அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டால் கோபுரமும் தெரியாது, சக்கரமும் தெரியாது.

முதல் ஆட்டத்துக்குக் கல் படியில் காக்கைகள் உட்கார்ந்திருந்தனவாம். இரண்டாவது ஆட்டத்துக்குக் கமிட்டி ஆட்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். தூரம்தான் காரணம் என்று செகரட்டரி முடிவு செய்து லாரி விட்டார். அதிலும் பாதி லாரிதான் நிறைந்தது.

“சர்க்கஸ் பாக்க இதைவிட தூரம் நடந்தீங்க இல்ல?” என்று என் வீட்டுக்காரர் என்னிடம் சண்டை போட்டார். “ஆண்டர்சன்பேட்டை சந்தைக்குத் தலைல மூட்டையோட நடக்கறீங்க இல்ல? எங்க ஆட்டம்னா மட்டும் கால் வலிக்குதா?”

அவர் கேட்டதில் தப்பு இல்லை. சர்க்கஸுக்கு லைனே திரண்டு போனது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனோம். அது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் கிடையாது, கீழே யாரும் இல்லை. சந்தைக்கும் தன் வீட்டு ஆள் மேலே இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போவோம். ஃபுட்பால் மட்டும் சனிக்கிழமை சாயங்காலம். முதல் ஷிப்ட் மேலே வந்து இரண்டாம் ஷிப்ட் கீழே போயிருக்கும் நேரம். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் பரிசு கொடுக்கப் பெரிய மனிதர்கள் கிடைக்க மாட்டார்கள் என்று கமிட்டி நினைத்தது.

இதையெல்லாம் இப்போது வரிசையாக எழுத முடிகிறது. அன்றைக்கு, “தண்ணி வேணுமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

ஏறின லாரி

என் தம்பி மணி எங்களோடுதான் இருந்தான். அந்த வாரம் அவனுக்கு இரண்டாம் ஷிப்ட். சனிக்கிழமை மதியம் ஷாஃப்டுக்குக் கிளம்புமுன் சாப்பிட உட்கார்ந்தான்.

“அக்கா, நீ போ. மாமா மூஞ்சைப் பாத்தியா? தோத்த டீமு மாதிரி இருக்குது. இன்னும் ஆட்டமே ஆடல.”

“போறேன், போறேன்.”

“நேத்தும் இதான் சொன்ன. நான் கீழ இருக்கறது இருக்கறதுதான். நீ மேல எங்க குந்தினு இருந்தா இன்னா?”

“வாயை மூடு. ரசம் ஊத்தட்டுமா?”

அவன் சிரித்தான். கை கழுவிவிட்டுப் போகும்போது, “மாமா கோல் போட்டா நீதான் எனக்கு சொல்லணும்” என்றான்.

லாரி வந்து நின்றபோது நான் வாசலில் நின்றேன். ஏறுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அப்போது முனியம்மா அக்கா என் பக்கத்தில் வந்தார். அவருடைய மகனும் அதே ஷிப்டில் கீழே இருந்தான்.

“ஏறு.”

“இல்லக்கா…”

“ஏறுன்றேன். நான் இங்கதான இருக்கேன். உனக்கும் சேத்து நான் பாத்துக்கறேன்.”

எதைப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஏறிவிட்டேன். லாரியில் இருந்த நாலைந்து பெண்களும் வீட்டு ஆள் மேலே இருக்கிறவர்கள். அவர்கள் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

படி அதிர்ந்தது

கல் படி குளிர்ச்சியாக இருந்தது. நிழலில் உட்கார்ந்து, பக்கவாட்டிலிருந்து, நான் பார்த்த முதல் ஆட்டம் அது.

அதுவரை என் வீட்டுக்காரர் ஓடுவதை நான் பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோலுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் அவர் வந்து சேருவதுதான் தெரியும். பக்கவாட்டிலிருந்து பார்த்தபோது முழு ஓட்டமும் தெரிந்தது. வீட்டில் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னால் முனகுகிற மனுஷன். இங்கே கோட்டை ஒட்டி அப்படி ஓடினார். என்னைப் பார்த்துவிட்டார். பார்த்தது தெரியாத மாதிரி காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நானும் அவரைத்தான் பார்த்தேன். பாதி நேரம் அவரை, பாதி நேரம் எதிரே இருந்த மேட்டை.

இடைவேளைக்குப் பிறகுதான் அது வந்தது. முதலில் சோடாக்கடையில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. அப்புறம் நான் உட்கார்ந்திருந்த கல் நடுங்கியது. மாடு உடம்பைச் சிலிர்த்துக்கொள்கிற மாதிரி ஒரு நடுக்கம். நின்றுவிட்டது.

படியில் இருந்த எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அங்கே சாம்பல் நிற மேடுதான் இருந்தது.

எந்த ஷாஃப்ட் என்று தெரியவில்லை. ஒவ்வொருவராக எழுந்து படி இறங்கினார்கள். மைக்கில் செகரட்டரியின் குரல் கேட்டது: “பொதுஜனங்கள் அமைதியாக உட்காரவும். பயப்பட ஒன்றுமில்லை. ஆட்டம் தொடர்ந்து நடைபெறும்.”

ரெஃப்ரி விசில் ஊதி ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். பந்து என் வீட்டுக்காரரிடம் வந்தது. அவர் அதை நிறுத்திக்கொண்டு படியைப் பார்த்தார். நான் இறங்கிக்கொண்டிருந்தேன். பந்தை எவனோ பிடுங்கிக்கொண்டு போனான். அவர் அப்படியே நின்றார்.

நான் நிற்கவில்லை.

மேட்டைச் சுற்றிப் போனால் அரை மணி நேரம். நேராக ஏறினால் சீக்கிரம். எல்லாரும் நேராக ஏறினோம். அந்த மண்ணில் கால் கணுக்கால்வரை புதையும். ஒரு அடி ஏறினால் பாதி அடி சரியும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையையும் ஊன்றி ஏறினேன். வாயெல்லாம் பொடி.

உச்சிக்குப் போனதும் காற்று முகத்தில் அடித்தது. எதிரே எங்கள் கோபுரம். சக்கரம் நின்றிருந்தது.

அந்த நேரத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நின்றுகொண்டிருந்தோம்.

பிறகு ஒரு பெண், “சுத்துது” என்றாள். அதற்கப்புறம்தான் எனக்கும் தெரிந்தது. மெதுவாக, பிறகு வழக்கமான வேகத்தில் சுற்றியது.

எல்லாரும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். யாருக்கும் கீழே இறங்கத் தோன்றவில்லை.

மேட்டுக் கூட்டம்

கொஞ்ச நேரத்தில் லைன் பக்கத்துச் சரிவில் தலைகள் தெரிந்தன. முன்னால் வந்தது முனியம்மா அக்கா. இரண்டு கையையும் ஊன்றி, வழியெல்லாம் யாரையோ திட்டிக்கொண்டு ஏறி வந்தார்.

“சுத்துது மே. உனக்கு சொல்லத்தான் வந்தேன். கீழேர்ந்து பாத்தா நீங்க எல்லாம் குருவி மாதிரி மேல நிக்கறீங்க.”

“பாத்தேன்க்கா. முட்டி இன்னா ஆச்சு?”

“அது வீட்ல இருக்குது” என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியபடியே மறுபக்கம் பார்த்தார். “அடே, ஆட்டம் தெரியுது!”

தெரிந்தது. திரும்பினால் சக்கரம், இந்தப் பக்கம் மைதானம். பந்து மிளகு அளவுதான். ஆட்கள் பெருவிரல் உயரம். ஆனால் தெரிந்தது. அக்கா எழுந்து நின்று லைன் பக்கம் பார்த்துக் கையைத் தட்டிக் கூப்பிட்டார். மாவு அரைக்க வேண்டியவர்கள் வந்தார்கள். சம்பந்தி வரவேண்டிய இரண்டு வீட்டுக்காரர்களும் வந்தார்கள். சம்பந்திகளைக் காணவில்லை. சிறிது நேரத்தில் மேட்டின் முதுகு முழுவதும் எங்கள் லைன். குழந்தைகள் சரிவில் வழுக்கி விளையாடின. கல் படியில் கமிட்டிக்காரர்கள் மட்டும்.

திடீரென்று ஒரு கோலில் வலை அசைந்தது. ஆட்கள் ஓடி வந்து ஒருவனைக் கட்டிப்பிடித்தார்கள். நாங்கள் எழுந்து நின்று கத்தினோம். நான் அப்படிக் கத்தியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மைதானத்தில் எல்லாரும் தலையை நிமிர்த்தி மேட்டைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் இடது கோட்டின் பக்கம், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வெகு நேரம் பார்த்தார்.

ஆட்டம் முடிந்ததும் அவர் லாரியில் வரவில்லை. பூட்ஸைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறி வந்தார்.

“இன்னாங்க, ஜெயிச்சாச்சா?” என்றேன்.

“அவனுங்க போட்ட கோலுக்கு ஏன் மே கத்துனீங்க?”

முனியம்மா அக்காதான் பதில் சொன்னார். “கோல்னா கத்தணும் தம்பி. இவ்ளோ தூரத்துலேர்ந்து சொக்காய் கலரா தெரியுது? நீங்க ஒண்ணு போட்டிருந்தா அதுக்கும் கத்தியிருப்போம்.”

“போடலயே.”

“அது எங்க தப்பா?”

அவர் சிரித்துவிட்டார். அந்த ஒரே கோலில் தோற்றிருந்தார்கள். பிறகு கோபுரத்தின் பக்கம் திரும்பினார். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். திரும்பி மைதானத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். யார் வீட்டு ஆள் எந்த ஷிப்ட் என்று அவருக்கும் தெரியும்.

“இங்கேர்ந்து ரெண்டும் தெரியுது” என்றார்.

“ஆமா” என்றேன்.

இறங்கும்போது சரிவில் எனக்கு முன்னால் நடந்தார். வழுக்கும் இடத்தில் மட்டும் நின்று கை கொடுத்தார். லைன் ஆட்கள் முன்னிலையில் அப்படிச் செய்கிறவர் அல்ல.

மணி ஷிப்ட் முடிந்து வந்தான். வெடித்தது அவன் வேலை செய்த லெவலில் இல்லையாம். பழைய இடத்தில் எங்கோ கல் விழுந்ததாம், யாருக்கும் ஒன்றும் இல்லையாம். “மாமா கோல் போட்டாரா?” என்று கேட்டான். இல்லை என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடுமுறையாக இருந்தும் இரண்டு வாட்ச்மேன்கள் வந்து, சயனைடு மேட்டில் ஏறக் கூடாது என்று தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதிய பலகையை நட்டுவிட்டுப் போனார்கள்.